பொத்தானை அழுத்தியவர் அல்ல சூரி

சென்ற இதழில் கணினிக் கலையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு படித்தேன். இரண்டாம் முறை, கட்டுரையாளர் அமெரிக்கக் கணினிக் கலைஞர் சார்லஸ் சூரியின் ஒரு படைப்பையாவது முழுதாகப் பார்த்திருக்கிறாரா என்று தேடிக்கொண்டே படித்தேன். பார்த்ததற்கான அடையாளம் ஒரு வரியில்கூட இல்லை. அவருடைய கோடு எப்படி ஓடுகிறது, அவருடைய படத்தில் என்ன அசைகிறது, என்ன கலைகிறது, எது திரும்பி வருகிறது என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் தீர்ப்பு மட்டும் இருக்கிறது. படைப்பைப் பார்க்காமல் படைப்பாளி மீது தீர்ப்பு எழுதுவதற்கு விமர்சனம் என்று பெயர் இல்லை, அவதூறு என்று பெயர். சூரி 2022 பிப்ரவரி 27 அன்று, தம் 99-ஆம் வயதில் காலமாகிவிட்டார். அவர் வந்து பதில் சொல்லப்போவதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக அதன் வாதங்களைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒன்று, 1960-களில் கணினியை வைத்துப் படம் போட்டவர்கள் வெறுமனே பொத்தானை அழுத்தினார்கள், வரைந்தது இயந்திரம். இரண்டு, அந்த இயந்திரத்துக்கு நிரல் எழுதியதுகூட வேறொருவர். மூன்று, எது எங்கே விழ வேண்டும் என்பதைத் தற்செயல் எண்ணிடம் விட்டுவிட்டவரைப் படைப்பாளி என்று சொல்ல முடியாது. நான்கு, இன்று ஓவியர்களின் வயிற்றில் அடிக்கும் செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கு மூதாதை இந்தச் சூரிதான்.

நான்கும் தவறு. ஆளுக்கொரு கருத்து என்று விட்டுவிடக்கூடிய தவறுகளும் அல்ல. தகவலைத் தேடாமல் எழுதியதால் வந்த தவறுகள் இவை. இவற்றைத் திருத்த ஒரே ஒரு கேள்வி போதும்: கலைஞர் இயந்திரத்திடம் எதைக் கொடுத்தார், எதைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்? கட்டுரையாளர் இந்தக் கேள்வியை எந்த இடத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கட்டுரையே பிறந்திருக்காது.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். சூரி 1922 ஜூலை 4 அன்று மேற்கு வர்ஜீனியாவில் கிராண்ட் டவுன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், ஹங்கேரியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 1942-ல் தேசிய சாம்பியன் ஆனபோது அதன் நட்சத்திர வீரர் அவர். தொழில்முறை அணியிலிருந்து அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. இரண்டாம் உலகப்போரில், ஆர்டென் காடுகளில் நடந்த 'பல்ஜ்' சண்டையில் சிப்பாயாக இருந்து, வீரத்துக்கான வெண்கல நட்சத்திரப் பதக்கம் பெற்றார். திரும்பி வந்து அதே பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்து, அங்கேயே ஓவிய ஆசிரியரானார். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ராய் லிக்டென்ஸ்டைன் அங்கே அவருடைய நண்பர். 1955 முதல் 1965 வரை சூரியின் ஓவியங்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கணினியைத் தொடும் முன்பே பல ஆண்டுகள் தூரிகை பிடித்த கை அது.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். கணினிக் கலையின் தொடக்க காலப் பெயர்களில் பெரும்பாலானோர் பொறியாளர்கள், கணிதவியலாளர்கள். ஜெர்மனியின் கியோர்க் நேஸ் 1965 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டில் காட்சி வைத்தார். நியூயார்க்கில் அதே ஆண்டு ஏப்ரலில் பெல் ஆய்வகத்தின் மைக்கேல் நோல், பேலா யூலெஸ் இருவரும் வைத்தார்கள். 'கம்ப்யூட்டர்ஸ் அண்ட் ஆட்டோமேஷன்' பத்திரிகை நடத்திய கணினிக் கலைப் போட்டியில் 1965-ல் நோலும் 1966-ல் ஃப்ரீடர் நாக்கேயும் முதல் பரிசு பெற்றார்கள். அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1967-ல் அந்தப் பரிசு ஓர் ஓவிய ஆசிரியருக்குப் போனது. பொறியியலிலிருந்து கலைக்கு வந்த பாதையில் எதிர்த்திசையில் நடந்து வந்தவர் சூரி. கோடு போடத் தெரியாததால் கணினியிடம் தஞ்சம் புகுந்தவர் என்ற தொனியில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறாரே, அந்த ஒரு வரிக்காகவே அவர் வெட்கப்பட வேண்டும்.

சூரி 1964-ல் பல்கலைக்கழக வெளியீடு ஒன்றில் கணினி உருவாக்கிய ஒரு முகத்தின் படத்தைப் பார்த்தார். பார்த்ததும் போய் நிரல் எழுதப் படித்தார். அதற்கு முன்பே அவர் கணினி இல்லாமல் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். பேன்டோகிராஃப் போன்ற கருவியைக் கொண்டு, பழைய ஓவியங்களின் கோடுகளை நீட்டியும் சாய்த்தும் பார்க்கும் வரைபடங்கள் அவை. அதாவது உருமாற்றம் என்ற எண்ணம் அவரிடம் முன்பே இருந்தது. கணினி அதற்குப் பின்னால் வந்தது. எண்ணம் இருந்தவர் கருவியைத் தேடிப் போவதற்கும், கருவி கிடைத்தவர் என்ன செய்யலாம் என்று விழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கலை விமர்சகர் என்று சொல்லிக்கொள்பவர் அறிந்திருக்க வேண்டும்.

இனி அந்தப் 'பொத்தான்'. 1967-ல் அப்படி ஒரு பொத்தானே கிடையாது. சூரி பயன்படுத்திய ஐபிஎம் 7094-ன் நினைவகம் 32,768 சொற்கள். இன்றைய கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. எதிரே உட்கார்ந்து பார்த்து வரைய ஒரு திரை இல்லை. படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து, புள்ளிகளை எண்களாக்கி, எண்களை அட்டைகளில் துளையிட்டு, அட்டைக் கட்டைக் கணினி மையத்தில் கொடுத்துவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பதிலாக வருவதும் துளையிட்ட அட்டைகள்தான். பேனாவை எப்போது தூக்க வேண்டும், எங்கே நகர்த்த வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்ற கட்டளைகள் அந்த அட்டைகளில் இருக்கும். உருளைப் பிளாட்டர் அவற்றைப் படித்து மையால் காகிதத்தில் இழுக்கும்போதுதான் கலைஞர் தம் படத்தை முதல்முறையாகக் கண்ணால் பார்ப்பார்.

1967-ல் பரிசு பெற்ற 'சைன் கர்வ் மேன்' இப்படித்தான் பிறந்தது. சூரி ஒரு மனிதனின் முகத்தைக் கோட்டுச் சித்திரமாக வரைந்தார். அதன் புள்ளிகள் கணினிக்குள் போயின. அந்தப் புள்ளிகளின் மீது சைன் அலையைப் பாய்ச்சினார். முகம் நீருக்குள் தெரிவதுபோல் நெளிகிறது. கண்ணுக்குக் கீழே தளர்ந்த சதை, வாயோரத்துச் சுருக்கம், எல்லாம் அலையோடு சேர்ந்து ஓடுகின்றன. இருந்தும் அது இன்னொரு மனிதனாக மாறிவிடவில்லை. களைத்த, வயதான அதே மனிதன்தான் நம்மைப் பார்க்கிறான்.

இது தானாக நடக்கிற காரியமா என்று நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். அனிமேஷன் வகுப்பு எடுப்பவன் நான். ஒரு மாணவி தன் பாட்டியின் முகத்தை வரைந்து கொண்டுவந்தாள். அதைக் கிராஃப் தாளில் வைத்து 140 புள்ளிகளாகக் குறித்தோம். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைமட்டத்துக்கு ஓர் எண், உயரத்துக்கு ஓர் எண். கணினியில் கிடைமட்ட எண்ணை அப்படியே விட்டு, உயரத்தோடு மட்டும் சைன் மதிப்பை ஒரு மாறிலியால் பெருக்கிக் கூட்டினோம். மாறிலி 2 என்றபோது, கை நடுங்கி வரைந்த படம்போல இருந்தது, அவ்வளவுதான். 40 என்றபோது முகமே போய்விட்டது, வெறும் அலை. 11-ல் கன்னத்துச் சுருக்கங்கள் அசைந்தன, மூக்கு மூக்காகவே நின்றது. 12-ல் வாய் சிரிப்பதுபோல் ஆனது. அவள் 11-க்கும் 12-க்கும் இடையில் மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில், பாட்டி அப்படிச் சிரிக்க மாட்டார் என்று சொல்லி 11-ல் நிறுத்தினாள். பிறகு அதுவும் போதாமல், முதலில் வரைந்த படத்தையே எடுத்து இமைக்கோட்டைத் திருத்திவிட்டு மறுபடி புள்ளி குறிக்கத் தொடங்கினாள்.

அந்த மாணவி கணினியிடம் கொடுத்தது 140 கூட்டல்களை. தன்னிடம் வைத்துக்கொண்டது பாட்டியை. வாய்பாடு எந்த எண்ணையும் சிபாரிசு செய்யவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொன்னவள் அவள். சூரியும் அதைத்தான் செய்தார். நாங்கள் ஒரு நொடியில் பார்த்ததை அவர் அட்டைக் கட்டோடு காத்திருந்து பார்த்தார்.

'சைன் கர்வ் மேன்' பிறந்த அதே 1967-ல் வந்ததுதான் 'ஹம்மிங்பேர்ட்'. சுமார் 10 நிமிடம் ஓடும் இந்தப் படம், கணினி அனிமேஷன் கலைக்கு வைத்த முதல் அடிகளில் ஒன்று. கணினி இதற்காக 30,000-க்கும் மேற்பட்ட படங்களைக் கணக்கிட்டது. அவை 25 அசைவுத் தொடர்கள். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை மைக்ரோஃபிலிம் பிளாட்டர் நேரடியாகப் படச்சுருளில் வரைந்தது. படத்தில் இருப்பது ஒரே ஒரு ரீங்காரச்சிட்டு, சூரியின் கோட்டில் பிறந்தது. கோடு கோடாக அது உருவாவதைப் பார்க்கிறோம். பிறகு அதன் கோடுகள் உடைகின்றன. துண்டுகள் விலகி மிதக்கின்றன. பறவை இருந்த இடத்தில் சிதறிய கீற்றுகள் மட்டும் கிடக்கின்றன. இனி இது சேராது என்று நாம் நினைக்கும் நேரத்தில் கீற்றுகள் ஒன்றையொன்று தேடி வந்து அலகாகின்றன, இறகாகின்றன, பறவையாகின்றன.

ரீங்காரச்சிட்டின் சிறகடிப்பைக் கண்ணால் பிடிக்க முடியாது. நமக்குத் தெரிவதெல்லாம் ஒரு மங்கல் மட்டுமே. கண்ணுக்குப் பிடிபடாத ஒரு பறவையைத் தேர்ந்து, அதைப் பிடிபடும் கோடுகளாக்கி, அந்தக் கோடுகளையும் கலைத்து, மறுபடியும் பறவையாக்கிக் காட்டியிருக்கிறார். எதைப் பார்க்கிறோம், பார்த்ததை மனம் எப்படிச் சேர்த்து உருவாக்குகிறது என்ற கேள்வி அந்தப் படம் முழுக்க ஓடுகிறது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1968-ல் இதைத் தன் நிரந்தரச் சேகரிப்புக்கு வாங்கியது. அதைப் புதுமை மோகம் என்று கட்டுரையாளர் ஒதுக்குகிறார். புதுமை மோகம் ஒரு பருவத்தில் தணிந்துவிடும். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அந்தப் பறவை பார்ப்பவரை நிறுத்தி வைக்கிறது.

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன்: நிரல் எழுதியவர் வேறொருவர். ஆம், ஜேம்ஸ் ஷாஃபர் சூரியோடு பணியாற்றிய நிரலாளர். இதைக் கட்டுரையாளர் ஏதோ மறைத்து வைத்த ரகசியத்தைக் கண்டுபிடித்ததுபோல எழுதுகிறார். மறைத்தது யார்? 1968-ல் அமெரிக்கக் கணினி மாநாட்டில் கலை, கணினி, கணிதம் மூன்றையும் பற்றிய கட்டுரையைச் சூரியும் ஷாஃபரும் இருவர் பெயரிலும்தான் வெளியிட்டார்கள். உடன் உழைத்தவரின் பெயரைத் தம் பெயருக்குப் பக்கத்தில் அச்சிட்ட நேர்மையையே அவருக்கு எதிரான சாட்சியமாக்குவது அநியாயம்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் கோடு வரைந்தார். மரத்தில் செதுக்கியவர்கள் வேறு, மை தடவி அச்செடுத்தவர்கள் வேறு. கனகாவாவின் பேரலை யாருடையது என்று உலகில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. ரோடினின் சலவைக்கல் சிலைகளில் உளி பிடித்த பல கைகள் அவருடைய பட்டறை உதவியாளர்களுடையவை. திரைப்படத்தில் ஒளிப்பதிவாளர் வேறு, படத்தொகுப்பாளர் வேறு. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் விமர்சகருக்குக் கணினி என்று வந்தவுடன் மட்டும் ஒரே கையால் எல்லாம் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கிருந்து வருகிறது? ஷாஃபரிடம் சூரி கொடுத்தது செயல்முறையை. பறவை, அதன் கோடு, அது எப்போது கலைய வேண்டும், எதுவரை கலையலாம் என்ற முடிவு, இவை அவரிடம் இருந்தன.

மூன்றாவது வாதம்தான் என்னை மிகவும் காயப்படுத்தியது. தற்செயல் எண்ணைப் பயன்படுத்துவது சோம்பேறித்தனம், முடிவெடுக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்கிறார் கட்டுரையாளர். உதாரணமாக அவர் எடுத்துக்கொண்ட படைப்பு 'ரேண்டம் வார்'. அவர் தொடாமல் விட்டிருக்க வேண்டிய ஒரு படைப்பு உண்டென்றால் அது இதுதான்.

1967-ல் சூரி ஒரு பொம்மைச் சிப்பாயை வரைந்தார். ஒரே ஒரு பொம்மை. அந்த ஒன்றைப் பெருக்கி 400 சிப்பாய்களாக்கினார். ஒரு பக்கம் சிவப்புப் படை, மறுபக்கம் கறுப்புப் படை. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு பெயர், உண்மையான மனிதர்களின் பெயர். போர்க்களத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பதைத் தற்செயல் எண் முடிவு செய்தது. யார் செத்தார், யார் காயப்பட்டார், யார் காணாமல் போனார், யார் பிழைத்தார் என்பதையும் அதே எண்தான் முடிவு செய்தது. பக்கத்துக்கு ஒரு வீரநாயகன் யார், வீரப் பதக்கம் யாருக்கு, நன்னடத்தைப் பதக்கம் யாருக்கு, எல்லாம் எண் சொன்னபடி. பெயர்கள் பட்டியலாகின்றன. கீழே பொம்மைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, எது எவருடைய கால், எது எவருடைய துப்பாக்கி என்று பிரித்தறிய முடியாத கோட்டுக் குவியலாகக் கிடக்கின்றன.

இதை யார் செய்தார் என்பதை நினைவில் வையுங்கள். 1944-45 குளிர்காலத்தில் ஆர்டென் பனியில் நின்று, பக்கத்தில் நின்றவன் விழத் தான் விழாமல் திரும்பி வந்த ஒருவர் செய்தார். தம் மார்பிலும் ஒரு பதக்கம் குத்திக்கொண்டு வந்தவர் செய்தார். எறிகணை இங்கே விழாமல் பத்தடி தள்ளி விழுந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை என்பது போர்முனையில் நின்றவருக்குத் தெரியும். வீரன் என்றும் பிணம் என்றும் பிரிக்கும் கோட்டில் தகுதிக்கு எவ்வளவு இடம், அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு இடம் என்பதும் தெரியும். அந்த அனுபவத்தை வர்ணம் பூசி வரைந்திருந்தால், வரைபவரின் இரக்கம் யாரையாவது காப்பாற்றியிருக்கும், யாரையாவது அழகாகச் சாகடித்திருக்கும். கை இரக்கப்படும். எண் இரக்கப்படாது. இரக்கமில்லாத ஒன்றிடம் சாவைப் பங்கிடும் வேலையைக் கொடுத்ததுதான் அந்தப் படைப்பின் பொருள். அதை அவர் தெரிந்தே, தீர யோசித்துக் கொடுத்தார்.

அந்த 1967 முடியும்போது வியட்நாமில் 4,80,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969 டிசம்பர் 1 அன்று, அமெரிக்க அரசு 366 பிறந்த தேதிகளை 366 நீல நிற உருளைகளில் அடைத்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு, தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் குலுக்கல் நடத்தியது. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்த நாளில் பிறந்த இளைஞர்கள் படைக்கு அழைக்கப்படும் வரிசையில் முதலிடத்தில் நின்றார்கள். குடுவையைச் சரியாகக் கலக்கவில்லை, ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் கூடுதலாகச் சிக்கினார்கள் என்று புள்ளியியலாளர்கள் பிறகு காட்டினார்கள். சூரி காகிதத்தில் எழுதிக்காட்டியதை அரசு சதையிலும் ரத்தத்திலும் நடத்தியது, அதையும் ஒழுங்காக நடத்தவில்லை. இந்தப் படைப்பைத்தான் நம் கட்டுரையாளர் சோம்பேறித்தனம் என்கிறார். பொறுப்பைத் தட்டிக்கழித்தது சூரி அல்ல. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் எழுதிய விமர்சகர்.

கணக்கும் விதியும் புகுந்த இடத்தில் கலை வாழாது என்று கட்டுரையின் நடுவே ஒரு பொதுவிதியும் போட்டிருக்கிறார். தமிழில் எழுதும் ஒருவர் இதைச் சொல்லலாமா? 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-ல் நிறுத்தவும் என்று நம் வீட்டுப் பெண்கள் நோட்டில் எழுதி வைத்திருப்பது என்ன? அது நிரல். சிக்குக் கோலத்தில் கம்பி எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும் என்பது விதி. அந்த விதிக்குள் நின்றுதான் ஒவ்வொருத்தியும் தன் கோலத்தைப் போடுகிறாள். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலின் மொழியில் எழுதி 1974-லேயே பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டார்கள். விதி கலைக்குப் பகை என்றால், நம் வாசலில் விடிகாலையில் நடப்பது கலை இல்லை என்று கட்டுரையாளர் அந்தப் பெண்களிடம் போய்ச் சொல்லட்டும்.

சூரி விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. 1981-ல் தொடங்கி 1987 வரை நடந்த கிரான்ஸ்டன்/சூரி நிறுவனம் தொலைக்காட்சிகளுக்குச் சுழலும் சின்னங்களும் விளம்பரங்களும் செய்து கொடுத்தது. அவற்றில் 'ஹம்மிங்பேர்ட்' படத்தின் கேள்வி இல்லை. முப்பரிமாண நிரல்களில் அவர் பின்னாளில் செய்த சில படங்களின் பளபளப்பு என் கண்ணுக்கும் ஒட்டவில்லை. இவற்றைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அதற்கு அந்தப் படங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசி வாதம், இன்றைய செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கு அவர் மூதாதை என்பது. ஓவியர்களின் பிழைப்பைப் பற்றிய கட்டுரையாளரின் கவலையை நான் மதிக்கிறேன். என் மாணவர்களின் கவலையும் அதுவே. ஆனால் கவலை நியாயமானது என்பதற்காகக் குற்றவாளியை மாற்றிக் காட்டக்கூடாது. 2022-ல் வெளியான லயன்-5பி என்ற ஒரே ஒரு தொகுப்பில் மட்டும் இணையத்திலிருந்து திரட்டிய சுமார் 585 கோடி படங்களின் இணைப்புகளும் விளக்கங்களும் இருந்தன. படத்தை உருவாக்கும் மென்பொருள்கள் இப்படிப்பட்ட திரட்டிலிருந்துதான் பயின்றன. கோடு போட்டவர்களில் ஏறக்குறைய ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. 'ரேண்டம் வார்' படத்தின் தரவு எவ்வளவு? ஒரு பொம்மைச் சிப்பாய். வரைந்தவர் சூரி. 'ஹம்மிங்பேர்ட்' படத்தின் தரவு? ஒரு பறவை. கணினிக்கு முந்தைய அந்த உருமாற்ற வரைபடங்களில் டூரர், கிளே என்ற ஓவியர்களை அவர் எடுத்தாண்டது உண்மை. ஆனால் அந்தப் படங்களின் தலைப்பிலேயே டூரரின் பெயரும் கிளேயின் பெயரும் இருக்கின்றன.

ஒருவர் தம் கோட்டைத் தாமே வரைந்து, எந்த மாற்றம் வேண்டும் என்று தாமே தீர்மானித்து, கணக்குப் போடும் உழைப்பை மட்டும் இயந்திரத்திடம் கொடுத்தார். இன்னொரு பக்கம், அடுத்தவர்களின் கோடுகள், அவற்றின் நடை, அவற்றின் அழகு எல்லாவற்றையும் இயந்திரம் விழுங்கியிருக்க, கேட்பவர் ஒரு வாக்கியத்தை மட்டும் தட்டச்சு செய்கிறார். இரண்டிலும் கணினி இருக்கிறது என்பதால் இரண்டும் ஒன்று என்பவர், அடுப்பெரிப்பதிலும் வீட்டைக் கொளுத்துவதிலும் நெருப்பு இருக்கிறது என்பதால் இரண்டும் ஒன்று என்பார். இன்று ஓவியர்கள் கேட்கும் உரிமையை, என் கோடு என் பெயரில் இருக்க வேண்டும் என்ற உரிமையை, கணினி யுகத்தின் தொடக்கத்திலேயே செயலில் காட்டியவர் சூரி. அவரை எதிரிக் கூடாரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது அந்த ஓவியர்களுக்கும் செய்யும் தீங்கு.

அவர் தமக்காக மட்டும் எதையும் பூட்டி வைக்கவில்லை. 1969-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியைக் காட்சிக்கலை ஆய்வுக்காகப் பெற்றார். ஓர் ஓவிய ஆசிரியருக்கு அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்த காலம் அது. 1971-ல் கணினி வரைகலை ஆய்வுக் குழுவை அமைத்தார். 1987-ல் அது கலைக்கும் வடிவமைப்புக்குமான உயர்நிலைக் கணினி மையமாக வளர்ந்தது. அவருடைய ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாம் டிஃபான்டி எழுதிய 'கிராஸ்' என்ற வரைகலை மொழியைக் கொண்டுதான், 1977-ன் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் விமானிகளுக்குத் தாக்குதல் திட்டத்தை விளக்கும் கோட்டு அசைவுப்படத்தை லாரி கியூபா செய்தார். அங்கே படித்த கிறிஸ் வெட்ஜ் 'பன்னி' குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார், 'ஐஸ் ஏஜ்' படத்தை இயக்கினார். இன்று சென்னையிலும் ஹைதராபாத்திலும் அனிமேஷன் கணினி முன் உட்காரும் பிள்ளைகள் எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

கட்டுரையாளரிடம் நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அவர் 'ஹம்மிங்பேர்ட்' படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்க்க வேண்டும், பத்து நிமிடம்தான். பிறகு 'ரேண்டம் வார்' படத்தின் முன் நின்று, பெயர்ப் பட்டியலைப் படித்துவிட்டு, கீழே குவிந்து கிடக்கும் பொம்மைகளில் ஒரு சிப்பாயையாவது கோடு பிரித்துத் தனியாக எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தபின் சோம்பேறித்தனம் என்ற அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இனிமேல் கணினியில் பிறந்த எந்தப் படம் உங்கள் முன் வந்தாலும், பழையதோ புதியதோ, புகழ்வதற்கும் இகழ்வதற்கும் முன்னால் இதைக் கேளுங்கள்: முதல் கோடு யாருடையது, இயந்திரத்திடம் கொடுத்தது எது? 'ரேண்டம் வார்' படத்தில் முதல் கோடு சூரியுடையது. இயந்திரத்திடம் அவர் கொடுத்தது, போரில் எந்த மனிதன் கையிலும் இல்லாத ஒன்றை மட்டும்.